எண்ணும்மை

பக்கம் நாற்பத்தேழு.
மின்சாரச் சேமிப்பு:
பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.
பச்சைக் கட்டம், தடித்த எழுத்து.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
தொழிலாளர் நலன்.
இயக்குநர்கள் மரக்கன்று நடும் படம்,
அதன் காலடியில் பொடி எழுத்தில்
மருத்துவ விடுப்பு அறுநூற்று எட்டு நாள்.
போன வருஷம் இருநூற்று அறுபது.

நடுவே அறுபத்தைந்து பக்கம்.
அவ்வளவு தூரம் நடந்துபோய்
எந்த எண்ணும் இன்னொன்றை நலம் விசாரிப்பதில்லை.

இந்த வருஷம் சேர்த்தாக வேண்டும்.
கடன் கொடுக்கும் வங்கி கேட்டிருக்கிறது:
பணக்கணக்கும் பணமல்லாத கணக்கும்
ஒரே அறிக்கையாக.
"ரெண்டு ஃபைலையும் ஒண்ணாத் தச்சிருங்க மேடம்,
அட்டை மட்டும் புதுசா இருக்கட்டும்"
என்றார் பொது மேலாளர் சங்கரலிங்கம்.

கங்கைகொண்டானில் வைகாசி வெயில்.
என் அறையில் ஏசி இருபத்துநாலில்.
முதலுதவி அறையின் நோட்டைக் கேட்டு வாங்கினேன்.
நர்ஸ் மைதீன் பாத்துவின் சாய்வெழுத்து, நீல மை.
தேதி, பெயர், ஷிஃப்ட், உபாதை, மாத்திரை.
இருமல். இருமல். கண் எரிச்சல். இருமல்.
விரலில் வெட்டு.
இருமல்.
உலகம்மாள் என்ற பெயர் பதினாறு இடத்தில்.
பதினேழாவதில் "அவளே" என்று மட்டும்.

எல்லாம் மூன்றாம் ஷிஃப்ட்.
எல்லாம் ஆவணிக்குப் பிறகு.
ஆவணியில்தான்
ராத்திரி நேரம் பஞ்சுத்தூசி இழுக்கும் விசிறிகளை
ஒன்றுவிட்டு ஒன்று நிறுத்தினோம்.
நிறுத்தினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.
சிக்கனக் குழுவின் உத்தரவில்
நாலாவது கையெழுத்து என்னுடையது.

தொழிலாளிகளும் பங்குதாரர்கள்
என்பதால் எங்கள் அறிக்கை தமிழிலும் வரும்.
தமிழில் எழுதினேன்:
விசிறிகளைக் குறைத்தோம்.
அதனால் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம்.
அதனால் முந்நூற்று நாற்பத்தெட்டு நாள்
கூடுதலாக நோயில் போயிற்று.

சங்கரலிங்கம் இரண்டாவது "அதனால்" மேல்
பேனாவை வைத்தார்.
"இது எதுக்கு? மேலும்னு போடுங்க.
தகவல் ரெண்டும் இருக்குல்லா,
நாம எதையும் மறைக்கலையே."

மறைக்கவில்லைதான்.
பள்ளியில் எண்ணும்மை என்று படித்தோம்:
இரவும் பகலும், மாடும் கன்றும்.
அந்த "உம்" எல்லாரையும் வரிசையில் நிறுத்தும்.
யார் யாரைத் தள்ளிவிட்டது என்று
ஒருநாளும் கேட்காது.
பணமும் பணமல்லாததும் என்று
வங்கி எழுதியதிலும் அதே உம்தான்.

அன்றைக்கு ராத்திரி ஷெட்டுக்குள் போனேன்.
நெல்லை எக்ஸ்பிரஸ் கடந்து போவது
கதிர்களின் இரைச்சலில் கேட்கவில்லை.
உலகம்மாளுக்கு என்னைவிட வயது குறைவு.
அறுந்த இழையின் முனையைத் துழாவி எடுத்து,
முறுக்கி விட்டு,
அடுத்த கதிருக்கு நகர்ந்துகொண்டே கேட்டாள்:
"இந்த வருசம் பங்குக்கு எவ்வளவுக்கா தருவாவ?"

பங்குக்கு இரண்டு ரூபாய்.
அவளுக்கு ஐம்பது பங்கு.
நூறு ரூபாயில் எத்தனை காசு
நின்றுபோன விசிறியுடையது என்று
வகுத்துப் பார்த்தேன், நின்ற இடத்திலேயே.
அவளிடம் நூறு என்று மட்டும் சொன்னேன்.
"போன வருசம் அறுவதுல்லா" என்றாள்,
சந்தோஷமாக. பிறகு இருமினாள்.

பாளையங்கோட்டை அச்சகத்தில்
மெய்ப்பு வந்தபோது "மேலும்" இருந்தது.
அடித்துவிட்டு "அதனால்" எழுதினேன்.
கீழே ஒரு அடிக்குறிப்பும் சேர்த்தேன்:
இந்த அறிக்கையைத் தொகுத்தவர்
மேற்படி சிக்கனக் குழுவில் உறுப்பினர்.
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
வியாழக்கிழமை போர்டு கூட்டம்.
அங்கே இந்த வார்த்தை பிழைக்குமா, தெரியாது.

பக்கம் வடிவமைக்கும் ஜெபஸ்டின்
திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.
"அடிக்குறிப்பு வந்தா பக்கம் தள்ளிரும் மேடம்.
மரக்கன்று படத்தைச் சின்னதாக்கணும்."

ஆக்கு என்றேன்.
"ரொம்பச் சின்னதாயிரும். ஆள் முகம் தெரியாது."
செடி தெரிகிறதா என்று பார், என்றேன்.